அமெரிக்க மருத்துவக் கட்டணச் சீர்திருத்தம் ஏழை நோயாளிக்கு எட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டணச் சீர்திருத்தம் என்றால் நோயாளியின் பில்லைக் குறைப்பதா?

இல்லை. பெயரைக் கேட்டதும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெடிகேர் (முதன்மையாக முதியோருக்கானது), மெடிகேய்ட் (குறைந்த வருமானத்தவருக்கானது) போன்ற அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் எந்தக் கணக்கில் பணம் கொடுக்கின்றன என்பதுதான் இங்கே பேச்சு. அந்தக் கணக்கு நோயாளியின் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் மருத்துவர் அவருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவார், வீடு திரும்பிய பிறகு யாராவது தொலைபேசியில் விசாரிப்பார்களா, புதிய நோயாளியாக அவரை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான்.

பழைய முறைக்குச் சேவைக்கொரு கட்டணம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒவ்வொரு சந்திப்புக்கும் தனித்தனிப் பணம். 1983-இல் மெடிகேர், உள்நோயாளிச் சிகிச்சைக்கு நோயின் வகைப்படி ஒரே தொகை என்று மாற்றியது. 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் புதிய கட்டண முறைகளைச் சோதித்துப் பார்க்கவென்றே ஒரு மையத்தை அமைத்து, பத்து ஆண்டுகளுக்கு 1,000 கோடி டாலர் ஒதுக்கியது. 2012-இல் ஏ.சி.ஓ. எனப்படும் கூட்டமைப்புகள் வந்தன. மருத்துவர்களும் மருத்துவமனைகளும் சேர்ந்து ஒரு மக்கள்தொகுதிக்குப் பொறுப்பேற்கிறார்கள். அரசு ஓர் இலக்குத் தொகையைக் குறிக்கிறது. செலவு அதற்குக் கீழே நின்றால் மிச்சத்தில் பங்கு கிடைக்கும். சில ஒப்பந்தங்களில் செலவு இலக்கைத் தாண்டினால் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

ஏழை நோயாளி என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்?

மெடிகேய்டில் இருக்கும் குறைந்த வருமானத்தவர்கள், வீடற்றவர்கள், ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், அருகில் மருத்துவமனை இல்லாத கிராமப்புறத்தார். மெடிகேர், மெடிகேய்ட் இரண்டிலும் ஒருசேர இருப்பவர்கள் மட்டுமே சுமார் 1.2 கோடிப் பேர். வயது, வறுமை, பல நோய்கள் என எல்லாம் ஒரே ஆளிடம் குவிந்திருப்பது பெரும்பாலும் இவர்களிடம்தான். என் வரையறை எளிமையானது: யாருடைய சிகிச்சை மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே உள்ளவற்றால் தோற்றுப்போகிறதோ, அவர்கள்.

செய்த வேலைக்குக் கூலி கொடுப்பதில் என்ன தவறு?

வேலை என்று எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். சர்க்கரை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நிலையான வீடு இல்லை. பிரிக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டி யார் வீட்டில் இருக்கிறது? மருந்து வீணாகிறது, காலில் புண் வருகிறது, கடைசியில் காலை எடுக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் உண்டு, மயக்க மருந்துக்கு உண்டு, படுக்கைக்கு உண்டு. 'இன்சுலினை எங்கே வைத்திருக்கிறீர்கள்?' என்று முன்பே கேட்டிருக்கக்கூடிய பத்து நிமிடத் தொலைபேசி அழைப்புக்கு மட்டும் சல்லிக்காசு கிடையாது.

வசதியுள்ளவரின் வாழ்க்கையில் அந்த அழைப்பின் வேலையைக் குடும்பமோ பணமோ செய்துவிடுகிறது. அதனால் பழைய முறையின் ஓட்டை அவர் வீட்டில் ஒழுகுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மருத்துவர்களுக்கு மெடிகேய்ட் கொடுத்த கட்டணம், 2019 நிலவரப்படி, மெடிகேர் கொடுத்ததில் சராசரியாக 72 விழுக்காடு. ஒரே வேலைக்கு இவர் வந்தால் நூறு, அவர் வந்தால் எழுபத்திரண்டு என்றால் காத்திருப்போர் பட்டியலில் யார் பின்னுக்குப் போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா?

பாதி தீரும். தொலைபேசி அழைப்பும் இனி வீண் செலவாகத் தோன்றாது. காலைக் காப்பாற்றினால் மிச்சம் மருத்துவ மையத்துக்கே. ஆனால் அந்த 'இவ்வளவு' எங்கிருந்து வருகிறது? இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் இலக்குத் தொகை கடந்த ஆண்டுகளின் செலவிலிருந்து கணக்கிடப்படுகிறது. போன ஆண்டுகளில் இந்த மக்களுக்கு எவ்வளவு செலவானது, இனி அதைவிடக் கொஞ்சம் குறையட்டும் என்பது அதன் உள்ளர்த்தம். மருத்துவரைத் தேவைக்கும் அதிகமாகவே பார்த்துவந்தவர்களுக்கு அது நியாயமான கணக்கு. மருத்துவரையே பார்க்க முடியாமல் இருந்தவர்களுக்கு? அவர்களுக்குச் செலவு குறைவாக இருந்ததன் காரணம் நோய் குறைவு என்பதில்லை, கதவு மூடியிருந்தது. மூடிய கதவின் செலவை அளந்து, அதையே திறந்த கதவுக்கும் பட்ஜெட்டாகக் கொடுக்கிறார்கள்.

இது வெறும் தர்க்கம் இல்லை. 2019-இல் ஜியாத் ஓபர்மேயரும் உடன் ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணினி நெறிமுறையைப் பிரித்துக் காட்டினார்கள். எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குச் சொல்ல அது பரவலாகப் பயன்பட்டுவந்தது. அதற்குள் இனம் என்ற தகவலே கிடையாது. ஆனால் 'எதிர்கால நோய்' என்பதற்குப் பதிலாக 'எதிர்காலச் செலவு' என்பதை அது கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்கு ஒரே அளவு நோய்க்குக் குறைவாகவே செலவிடப்பட்டுவந்ததால், அவர்கள் உள்ளதைவிட ஆரோக்கியமானவர்களாக அதன் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அந்தச் சாய்வை நீக்கினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று ஆய்வு கணக்கிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதிய நெறிமுறை அல்ல அது. செலவைத் தேவை என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. அதே பிழை பல கட்டண ஒப்பந்தங்களின் அடித்தளத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

நோயின் கனத்துக்கு ஏற்பத் தொகையைக் கூட்டிக் குறைக்கிறார்களே?

உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தம் நோய்க் குறியீடுகளைப் பார்த்துச் செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் முழுப் பரிசோதனைக்குப் போகிறவரின் கோப்பில் இருக்கும் நோயெல்லாம் பதிவாகும். மூன்று ஆண்டுகளாக எந்த மருத்துவரையும் பார்க்காதவரின் கோப்பு வெள்ளைத்தாள். தாளைப் பார்த்தால் அவர்தான் ஊரிலேயே ஆரோக்கியமானவர். குறியீடு எழுதவென்றே ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இது வருமான வழியாகவும் ஆகிவிட்டது.

சில இடங்களில் வேறு வழி பார்க்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெடிகேய்ட் 2016-இல் தொகைக் கணக்கில் வீட்டு நிலையின்மையையும், நோயாளி வசிக்கும் பகுதியின் பொருளாதார நெருக்கடியையும் சேர்த்தது. மெடிகேரின் ஏ.சி.ஓ. ரீச் திட்டம் 2023-இல் தொடங்கியபோது, மிகவும் பின்தங்கிய பத்து விழுக்காட்டினருக்கு மாதம் தலைக்கு 30 டாலர் இலக்கில் கூட்டி, வசதி மிகுந்த பாதிப் பேருக்கு 6 டாலர் குறைத்தது. 2024 நிதியாண்டு முதல் வீடின்மைக்கான குறியீடு உள்நோயாளிக் கட்டணத்தை உயர்த்தும் காரணங்களில் ஒன்றாக ஏற்கப்பட்டது.

முப்பது டாலர் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் அதில் ஒரு கொள்கை மாற்றம் இருக்கிறது. 'போன ஆண்டு என்ன செலவானது' என்ற கேள்வியைத் தாண்டி, 'என்ன செலவாகியிருக்க வேண்டும்' என்று ஓர் அரசுத் திட்டம் கேட்கத் தொடங்கியது.

தரம் குறைந்த மருத்துவமனைக்கு அபராதம் போட்டால் தரம் உயருமே?

2012 அக்டோபரில் மெடிகேர் அதைத்தான் செய்தது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் 30 நாட்களுக்குள் மறுபடி சேர்க்கப்படுவது எதிர்பார்த்ததைவிட அதிகமானால், அந்த மருத்துவமனைக்கு மெடிகேர் தரும் கட்டணத்தில் வெட்டு. பின்னர் வேறு சில நோய்களும் சேர்ந்தன. வெட்டின் உச்சவரம்பு 3 விழுக்காடு வரை போனது.

மருத்துவமனைகள் வீடு திரும்பும் நோயாளியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது நல்ல விளைவு. ஆனால் அடி அதிகம் விழுந்தது ஏழைகளுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மீது. உப்பில்லாத சாப்பாடு சாப்பிடச் சொல்லி அனுப்பினால், இலவச உணவு மையத்தில் கிடைத்த டின் சூப்பைச் சாப்பிடுகிறவர் திரும்பி வரத்தான் செய்வார். மருத்துவமனை சரியாகவே வேலை செய்திருந்தாலும் வருவார். 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2019 நிதியாண்டு முதல் மருத்துவமனைகளை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒத்த அளவில் ஏழை நோயாளிகளைக் கொண்ட மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஏழைகளின் மருத்துவமனைக்கு அளவுகோலைத் தளர்த்தினால், ஏழைக்கு மட்டமான சிகிச்சை போதும் என்று அரசே முத்திரை குத்துவதாகாதா? என் பார்வையில் இரண்டையும் பிரித்துவிட வேண்டும். பொதுமக்களுக்கு வெளியிடும் தர எண்களில் எந்தத் திருத்தமும் வேண்டாம். இடைவெளி அப்பட்டமாகத் தெரியட்டும். பணம் கொடுக்கும் கணக்கில் திருத்தம் கட்டாயம் வேண்டும். குறையை மறைப்பதும் தவறு, குறையுள்ள இடத்திலிருந்து பணத்தைப் பிடுங்குவதும் தவறு.

அதிகம் செலவாகும் நோயாளிகளைத் தேடிப்பிடித்துக் கவனித்தால் போதாதா?

கேட்க இனிமையான யோசனை. நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் மருத்துவர் ஜெஃப்ரி பிரென்னர் தொடங்கிய முயற்சி நாடெங்கும் பேசப்பட்டது. அடிக்கடி மருத்துவமனையில் சேர்பவர்களைக் கண்டறிந்து, செவிலியரும் சமூகப் பணியாளரும் வீடு தேடிப் போய்க் கூடவே நின்றார்கள். பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். 2020 ஜனவரியில் முடிவு வெளியானது. 180 நாட்களுக்குள் மறுபடி சேர்ந்தவர்கள், உதவி பெற்ற குழுவில் 62.3 விழுக்காடு, பெறாத குழுவில் 61.7.

ஏன்? மிக மோசமான கட்டத்தில் ஒருவரைப் பிடித்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆறு மாதத்தில் அவர் செலவு சற்று இறங்கவே வாய்ப்பு அதிகம். ஒப்பீட்டுக் குழு இல்லாத வெற்றிக் கதைகள் பலவற்றில் இந்த இறக்கம்தான் சாதனையாகக் காட்டப்படுகிறது. இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. ஒருங்கிணைப்பாளர் நோயாளியின் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம். போய்ச் சேர வாடகைக்கு வீடோ, போதை மறுவாழ்வு மையத்தில் இடமோ இல்லையென்றால் எங்கே போவது? சொந்த முயற்சியைக் கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, தோல்வியை வெளியே சொன்ன அந்த அமைப்பின் நேர்மையைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

வீட்டுக்கும் உணவுக்கும் மருத்துவப் பணத்தைச் செலவிடலாமா?

வட கரோலினா செய்து பார்த்தது. மெடிகேய்ட் நிதியில் 65 கோடி டாலர் வரை அனுமதி பெற்று, 2022 முதல் சில பகுதிகளில் உணவுப் பெட்டி, வீட்டுப் பழுது, போக்குவரத்து ஆகியவற்றுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. பங்கேற்றவர்களின் மருத்துவச் செலவு இறங்குமுகமாக இருப்பதாக இடைக்கால மதிப்பீடு சொன்னது. ஆனாலும் மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்காததால் 2025 ஜூலையில் சேவைகள் நின்றன. பலன் தெரிவதும் பணம் தொடர்வதும் இரு வேறு சங்கதிகள்.

ஆரவாரமில்லாத ஒரு மாற்றம்: 2024 முதல் சமூக நலப் பணியாளர் செலவிடும் நேரத்துக்கு மெடிகேர் தனிக் குறியீட்டில் பணம் தருகிறது. மேலே சொன்ன இன்சுலின் அழைப்புக்கு ஒருவழியாக ஒரு பில் எண் வந்திருக்கிறது.

ஏழைகளைக் கவனிக்கும் சிறிய மையங்கள் இந்த ஒப்பந்தங்களில் சேர ஏன் தயங்குகின்றன?

கையில் காசு இல்லை. ஒருங்கிணைப்பாளரை இன்று வேலைக்கு வைக்க வேண்டும், தரவு மென்பொருளை இன்று வாங்க வேண்டும். மிச்சத்தில் பங்கு அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் வரும், வந்தால். நட்டமானால் கட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால், இரண்டு மாதச் சம்பளத்துக்கு மட்டும் கையிருப்பு வைத்திருக்கும் நிர்வாகி எப்படிக் கையெழுத்திடுவார்?

நாட்டில் சுமார் 1,400 சமூக நல மருத்துவ மையங்கள் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கவனிக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் நேரில் வரும் சந்திப்புக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே மெடிகேய்ட் பணம் தருகிறது. நோயாளியை வீட்டிலேயே நலமாக வைத்திருந்தால் வருமானம் குறையும்.

இதற்கு நேரான மருந்து முன்பணம். மெடிகேர் 2024 முதல், அனுபவம் இல்லாத சிறிய ஏ.சி.ஓ.க்களுக்குத் தொடக்கத்தில் 2,50,000 டாலரும், இரண்டு ஆண்டுகளுக்குக் காலாண்டுத் தொகையும் கொடுக்கிறது. காலாண்டுத் தொகை நோயாளிகளின் வறுமையைப் பொறுத்துக் கூடும். பின்னால் கிடைக்கும் சேமிப்பிலிருந்து அது கழித்துக்கொள்ளப்படும். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் மிகவும் நடைமுறை அறிவுள்ள ஏற்பாடு இதுதான்.

மருத்துவமனைக்கு ஆண்டுக்கு ஒரே மொத்தத் தொகை என்பது?

மேரிலாந்து 2014 முதல் அப்படிச் செய்கிறது. எல்லாக் காப்பீடுகளும் ஒரே கட்டணம் தரும் பழைய ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருந்ததால் அது முடிந்தது. மருத்துவமனைக்கு ஏழை நோயாளியும் பணக்கார நோயாளியும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு. பென்சில்வேனியா 2019-இல் கிராமப்புற மருத்துவமனைகளுக்கு இதே வழியைச் சோதித்தது. படுக்கை காலியாக இருந்தாலும் அவசரப் பிரிவின் விளக்கு எரிய வேண்டிய ஊர்களுக்குப் பொருத்தமான முறை. ஆனால் தொகை மிகக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டால் வெட்டு விழுவது எந்தப் பிரிவில் என்று யாராவது கண்காணிக்க வேண்டும்.

நோயாளி காப்பீட்டிலிருந்தே விழுந்துவிட்டால்?

எல்லாக் கணக்கும் பாழ். தடுப்புச் சிகிச்சையின் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். நோயாளி எட்டு மாதத்தில் பட்டியலிலிருந்து போய்விட்டால் யார் முதலீடு செய்வார்கள்? யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்ற பெருந்தொற்றுக் காலப் பாதுகாப்பு முடிந்து 2023 ஏப்ரலில் மெடிகேய்ட் தகுதிச் சரிபார்ப்பு மீண்டும் தொடங்கியது. 2.5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர் நீக்கப்பட்டது நடைமுறைக் காரணங்களால்: படிவம் திரும்பவில்லை, முகவரி மாறிவிட்டது. வருமானம் உயர்ந்ததா என்று யாரும் தீர்மானிக்கவே இல்லை.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இதை இன்னும் இறுக்குகிறது. 2010 சட்டம் வழிவிட்ட மெடிகேய்ட் விரிவாக்கத்தில் சேர்ந்த வயதுவந்தோர் பலர் மாதம் 80 மணி நேர வேலையையோ அதற்கு ஈடான செயலையோ நிரூபிக்க வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதி மறுபரிசீலனை. கட்டணச் சீர்திருத்தம் பற்றி எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டாலும், ஆள் பட்டியலில் இல்லையென்றால் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதெல்லாம் உண்மையில் பணத்தை மிச்சப்படுத்துகிறதா?

பெரிதாக இல்லை. புதிய முறைகளைச் சோதிக்க அமைந்த மையம் முதல் பத்தாண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றை முயன்றது. புள்ளியியல் ரீதியாகத் தெளிவான சேமிப்பு ஆறில் மட்டும் தெரிந்தது. 2011 முதல் 2020 வரை அந்த மையத்தால் அரசின் நிகரச் செலவு 540 கோடி டாலர் கூடியதாக நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது.

எனக்கு இதில் அதிர்ச்சி இல்லை. பசியோடு இருந்தவருக்குச் சாப்பாடு போட்டால் சாப்பாட்டுச் செலவு கூடத்தான் செய்யும். 2008-இல் ஒரேகான் மாநிலம் மெடிகேய்ட் இடங்களைக் குலுக்கலில் கொடுத்தபோது, காப்பீடு கிடைத்தவர்களின் அவசரப் பிரிவு வருகை சுமார் 40 விழுக்காடு கூடியது. மனச்சோர்வும் கடன் நெருக்கடியும் குறைந்தன. முதல் ஆண்டிலேயே சேமிப்பைக் காட்டு என்று ஒப்பந்தம் கேட்டால், அதற்கு எளிய வழி கதவை மறுபடி மூடுவது.

நோயாளியாகவோ பிள்ளையாகவோ நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

சில உண்டு. அரசே நேரடியாக நடத்தும் வழக்கமான மெடிகேரில் இருப்பவரின் மருத்துவர் ஏ.சி.ஓ.வில் இருந்தாலும், மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் அவர் போகலாம்; ஏ.சி.ஓ.வைக் காரணம் காட்டி யாராவது தடுத்தால் அது தவறு. மெடிகேய்டைத் தனியார் நிறுவனம் நடத்தும் மாநிலங்களில், சேர்ந்த முதல் 90 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். சிகிச்சையை மறுத்து அந்த நிறுவனத்திடமிருந்து வரும் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டு நடந்துவரும் சேவையை இடையில் நிறுத்தினால், பொதுவாகப் பத்து நாட்களுக்குள் எழுதிக் கேட்டால் முடிவு வரும்வரை அது தொடர வழி இருக்கிறது.

மருத்துவரிடம் போக வண்டி இல்லையென்றால், மெடிகேய்டில் அதற்கான பயண ஏற்பாடு கூட்டரசு விதிப்படி உண்டு. பலருக்கு இது தெரியாது. காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் உறுப்பினர் சேவை எண்ணை அழைத்து, சந்திப்புக்குச் சில நாட்கள் முன்பே வண்டி கேட்டுவிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அதே அழைப்பில் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.